பரிந்துரையும் நம்பிக்கையும்



ஒரு நூலை நாம் ஏன் எடுத்துப் படிக்கிறோம்? பெரும்பாலும், நம்மிடம் யாரேனும் ஒருவர், ‘இதைப் படித்துப் பார், நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதனால்தான். சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தே அச்சொல்லின் மதிப்பு அமைகிறது. கண்டதையெல்லாம் புகழ்பவர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்கிறோம். தேர்ந்து சொல்பவர் சொன்னால் அன்றைக்கே நூலகத்துக்குப் போகிறோம். இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே செல்வாக்கு என்கிறோம். அச்செல்வாக்கு இணையத்தில் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதை இப்போது ஆராய்வோம்.

இணையத்திலுள்ள பக்கங்கள் எண்ணில் அடங்கா. அவற்றுள் நல்லன எவை என்று ஒருவர் தனியே தேடி முடியாது. ஆதலின், தாம் கண்ட நல்ல பக்கங்களைக் குறித்துவைத்துப் பிறருக்கும் காட்டும் பொதுத்தளங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. 2001இல் கனடா நாட்டில் ‘ஸ்டம்பிள்அப்பான்’ என்னும் தளம் உருவாயிற்று. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால், நம்மைப் போன்ற விருப்பமுடையோர் பாராட்டிய பக்கம் ஒன்று கண்முன் வந்தது. பிடித்திருந்தால் மேல்நோக்கிய கட்டைவிரலையும், பிடிக்காவிட்டால் கீழ்நோக்கிய கட்டைவிரலையும் அழுத்த முடிந்தது. 2003இல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் ‘டெலிசியஸ்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். அங்கே ஒவ்வொருவரும் தாம் சேமித்த பக்கத்துக்குப் பொருத்தமான குறிச்சொற்களைச் சூட்டினர். 2004இல் ‘டிக்’, 2005இல் ‘ரெடிட்’ ஆகியன வந்தன. இவ்விரண்டிலும் படிப்பவர்கள் அளித்த வாக்குகளே ஒரு செய்தியை மேலே ஏற்றின.

தமிழர்களும் இதில் பின்தங்கவில்லை. 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் அவர்கள் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் எழுதிய வலைப்பதிவுகளை அது ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. படித்தவர்கள் வாக்களிக்கவும் வழி செய்தது. பின்னர் ‘தமிழிஷ்’ என்ற பெயரில் தோன்றி ‘இன்ட்லி’ என்று பெயர் மாறிய தளமும் வாக்குமுறையையே கைக்கொண்டது. பெரிய பத்திரிகை எதிலும் பெயர் வராத ஒருவரின் கட்டுரை, முன்பின் அறியாதவர்களின் வாக்கினால் கடல் கடந்தும் படிக்கப்பட்டது. இஃது அரிய வாய்ப்பு அன்றோ?

இத்தகைய தளங்களில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு எவ்வாறு வருகிறது? நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் நூலக அறையின் வாயிலில் ஒரு கரும்பலகை இருந்தது. தாம் படித்துச் சுவைத்த நூலின் பெயரை எந்த மாணவரும் அதில் எழுதலாம். கீழே தம் பெயரையும் எழுதவேண்டும். ஒரு மாணவன் நாள்தோறும் நான்கைந்து நூல்களின் பெயர்களை எழுதுவான். அவை பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்தன. ஒரு மாணவி மாதத்திற்கு இரண்டு நூல்களையே எழுதுவாள். ‘தொடக்கம் சற்று மெதுவாகச் செல்லும், வானியலில் விருப்பமுள்ளவர்கள் பொறுத்துப் படியுங்கள்’ என்பது போல ஒரு வரியும் சேர்ப்பாள். அந்நூல்கள் அன்று மாலைக்குள் இரவல் போய்விடும். அவளுக்குப் பதவி எதுவும் இல்லை. அவள் நயந்து எவரையும் வேண்டியதும் இல்லை. அவள் சொல்லை நம்பி எடுத்தவர்கள் ஏமாறவில்லை என்பதே காரணம்.

கரும்பலகைக்குப் பொருந்தும் இவ்விதி இணையத்துக்கும் பொருந்தும். அதிலிருந்து நான்கு நெறிகளை வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, ஒரு துறையைத் தேர்ந்து கொள்ளுதல். எல்லாவற்றையும் பற்றிப் பேசுபவரை எதற்காகவும் எவரும் தேடி வருவதில்லை. மரக்காணத்துக்கு அருகில் கழுவேலி என்னும் உவர்நீர் நிலப்பரப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. 2021இல் தமிழக அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அப்பகுதி மாணவர் ஒருவர் நீர்ப்பறவைகளைப் பற்றிய நல்ல கட்டுரைகளையும் படங்களையும் மட்டுமே தொடர்ந்து தேர்ந்து காட்டினால், பறவை ஆர்வலர்கள் எங்கிருந்தாலும் அவரை நாடுவர்.

இரண்டாவது, முழுவதும் படித்த பின்னரே பரிந்துரைத்தல். தலைப்பை மட்டும் பார்த்துப் பாராட்டுபவர், சமைத்தவர் பெயரை மட்டும் கேட்டு உணவைப் புகழ்பவரை ஒப்பர்.

மூன்றாவது, உண்மையான தலைப்பும் தெளிவான குறிச்சொல்லும் தருதல். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன், நூலையும் அதனை வேண்டும் வாசகரையும் சேர்த்து வைப்பதையே நூலகத்தின் கடமையாக வலியுறுத்தினார். அதற்காகவே புதிய பகுப்பு முறை ஒன்றையும் 1933இல் வெளியிட்டார். சரியான குறிச்சொல் இடுபவர் அவ்வறிஞரின் பணியில் ஒரு சிறு பங்கைச் செய்கிறார். வியப்பூட்டுவதற்காகப் பொய்த் தலைப்பு இடுபவரோ அப்பணிக்கு ஊறு செய்கிறார்.

நான்காவது, தம் எழுத்தைவிடப் பிறர் எழுத்தை மிகுதியாகக் காட்டுதல். தம்முடையதையே திரும்பத் திரும்பக் காட்டுபவரைப் பிறர் விரைவில் விளம்பரக்காரர் என்று ஒதுக்கிவிடுவர்.

இனி, குறுக்குவழியின் கதையைக் கேளுங்கள். ‘டிக்’ தளத்தில், மிகுதியான செய்திகளை முதற்பக்கத்துக்கு ஏற்றியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டு வந்தது. பட்டியலில் இடம்பெற்றவர்களிடம் பெரும் ஆற்றல் குவிந்தது. நண்பர்கள் கூடி ஒருவருக்கொருவர் வாக்களித்தனர். இதனைத் தடுக்க, ஒரே குழுவினரின் வாக்குகளைவிட வெவ்வேறு வகையினரின் வாக்குகளுக்கு மதிப்பு மிகும்படி 2006இல் கணக்கு முறை மாற்றப்பட்டது. பட்டியலிலுள்ளோரை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முயல்வோரும் தோன்றினர். 2007 பிப்ரவரியில் அப்பட்டியலே நீக்கப்பட்டது. 2010இல் தளத்தைப் புதுப்பித்தபோது, செய்தி நிறுவனங்கள் தம் செய்திகளைத் தாமே தானியங்கி முறையில் சேர்க்க இடமளிக்கப்பட்டது. தம் தேர்வுக்கு இனி மதிப்பில்லை என்று உணர்ந்த உறுப்பினர் பலர் ‘ரெடிட்’ தளத்துக்குப் பெயர்ந்தனர். 2012இல் அத்தளம் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியது. ‘ஸ்டம்பிள்அப்பான்’ தளமும் 2018இல் மூடப்பட்டது. தளங்கள் தோன்றும், மறையும். ஆனால், வாக்கைத் திரட்டுவது வேறு, நம்பிக்கையைப் பெறுவது வேறு என்னும் பாடம் மறைவதில்லை.

நம்பிக்கை விளைவதற்குக் காலம் வேண்டும். மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கே உப்புக்கள் உள்ளன. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றச் செய்கின்றனர். முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்கள் படிந்து விலகும். பத்துப் பங்கு நீர் ஏறத்தாழ ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே சோற்றுப்பு விளையத் தொடங்கும். அதற்குப் பின்னும் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். பேராசையால் அதனையும் வற்றவிட்டால், விளைந்த உப்பும் கசந்து போகும். நாள்தோறும் தேர்ந்து, வேண்டாததை விலக்கி, பொறுமையுடன் நிற்பவர்க்கே தூய உப்புக் கிடைக்கிறது. செல்வாக்கும் அவ்வாறே விளைகிறது. விலைக்கு வாங்கிய வாக்கு அந்தக் கசப்பு நீரைப் போன்றது.

‘இவ்வளவு கவலை எதற்கு? பொழுதுபோக்குத்தானே!’ என்று சிலர் கேட்கலாம். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. அத்தகைய இரவுகளில் கைப்பேசிகளில் எத்தனையோ செய்திகள் பாயும். எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எங்கே தங்கலாம், வானிலை மையம் என்ன கூறுகிறது என்பன போன்ற செய்திகளுள் மெய் எது, பொய் எது என்று ஆராய அப்போது நேரம் இராது. அனுப்பியவர் யார் என்று பார்த்தே மக்கள் நம்புவார்கள். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கைதட்டலுக்காகப் பொய்ப்பரபரப்பை ஏற்றிவிட்ட ஒருவர், அந்நேரம் உண்மையையே சொன்னாலும் கேட்பாரில்லை. ஆய்ந்து அனுப்பும் பழக்கமுடையவரின் ஒரு வரி ஒரு குடும்பத்தைக் காக்கலாம்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் விரல் ஒரு பக்கத்தைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும், உங்கள் பெயரைக் கையொப்பமாக இடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். இன்று மாலை, நீங்கள் முழுவதும் படித்த ஒரு நல்ல கட்டுரையைத் தேர்ந்து, அது யாருக்குப் பயன்படும் என்று ஒரு வரி எழுதி, ஒரே ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். அவர் படித்து மகிழ்ந்து, ‘அடுத்தது எது?’ என்று கேட்பாராயின், உங்கள் சொல்லுக்கு மதிப்பு விளையத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.