பாசி தின்னும் மொலி மீன்: வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருக்குப் பெருந்தொல்லை தருவது பாசியாகும். ஒளியும் மீன்களின் கழிவும் சேருமிடத்திற் பாசி தோன்றுதல் இயல்பு. அதனை நாள்தோறும் சுரண்டியெடுப்பதிலும், அதனையே உணவாகக் கொள்ளும் மீனை வளர்த்தல் எளிது. அத்தகைய மீன்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீருக்கு மிகவும் ஏற்றது மொலி என்னும் சிறுமீன்.

இனமும் நிறமும்

மொலி மீன்களின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் முதல் மத்திய அமெரிக்கா வரையுள்ள ஓடைகளிலும் கழிமுகங்களிலும் அவை வாழ்கின்றன. இவற்றுள் ஓரினத்தை 1821 ஆம் ஆண்டில் விவரித்த இலெசூயர் என்னும் பிரெஞ்சு அறிஞர், பிரான்சின் திறைசேரி அமைச்சராயிருந்த மொலியன் என்பாரின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டார். மொலி என்பது அதன் சுருக்கமே.

கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை, வெண்மேனியிற் கரும்புள்ளி எனப் பல நிறங்களில் இம்மீனைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியுள்ளனர். வளர்ந்த மீன் 6 முதல் 10 சதமமீற்றர் நீளமுடையது. ஆண் மீனின் கீழ்ச்செட்டை கோல்போல் ஒடுங்கியும், பெண் மீனின் கீழ்ச்செட்டை விசிறிபோல் விரிந்தும் இருக்கும்.

நீரும் தொட்டியும்

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தங்குவதால் வன்னீராகும். மென்னீரை விரும்பும் பல அலங்கார மீன்கள் இதில் நலிவடையும். மொலியோ வன்னீரிலேயே நன்கு வாழும். நீர் சற்று உவர்ப்பாயினும் தாங்கும். மென்னீருள்ள மலைநாட்டில் வளர்ப்போர் சிறிது சுண்ணாம்புக்கல்லையோ சிப்பி ஓட்டையோ கழுவித் தொட்டியில் இடலாம். குளோரீன் இட்ட குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துக.

2 அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்ளும். அதில் 2 ஆண்களையும் 4 பெண்களையும் வளர்க்கலாம். ஆண்கள் மிகுந்தால் பெண் மீன்கள் ஓயாது துரத்தப்பட்டு மெலியும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து எழும் அமோனியா நஞ்சாகும். அதனை மாற்றும் பற்றீரியாக்கள் பெருக 4 முதல் 6 கிழமைகள் செல்லும். ஆதலால், முதலில் இரண்டொரு மீன்களை மட்டும் விட்டுப் பின்னர் தொகையைக் கூட்டுதல் நன்று. கிழமைக்கொரு முறை நாலிலொரு பங்கு நீரை மாற்றவேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை சதமவளவில் இருத்தல் நலம்.

உணவு

கண்ணாடியிலும் கல்லிலும் செடியிலும் படரும் மென்பாசியை மொலி நாள் முழுதும் கொறித்துத் தின்னும். நீர் முழுவதையும் பச்சையாக்கும் நுண்பாசியை அது அகற்றமாட்டாது. அதற்குத் தொட்டியில் விழும் ஒளியைக் குறைத்தலே வழி. பாசி மட்டும் போதாதாகையால், அவித்த பசளிக்கீரை, வெள்ளரித் துண்டு, நுளம்புக் குடம்பி ஆகியவற்றையும் அளவாகக் கொடுக்கவேண்டும். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தக்கது. எஞ்சிய உணவு அழுகி மேலும் பாசியை வளர்க்கும்.

இனப்பெருக்கம்

மொலி முட்டையிடாது குஞ்சு ஈனும். ஏறத்தாழ நாலு கிழமைகளுக்கொருமுறை பெண் மீன் பல குஞ்சுகளை ஈனும். ஒருமுறை சேர்ந்த பெண், ஆணின்றியே பின்னரும் பல தடவை ஈனவல்லது. தாய் மீனே குஞ்சுகளைத் தின்னுமாதலின், அவை ஒளிந்துகொள்ள நீர்ச்செடிகள் அடர்ந்திருத்தல் அவசியம்.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. பீடைநாசினி கலக்கிய வாளியையோ, மருந்து தெளித்த கையையோ தொட்டி நீரிற் படவிடலாகாது. பைரெத்திரொயிட்டு வகை நாசினிகளும் செம்பு சேர்ந்த பங்கசுநாசினிகளும் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும்.

2. மருந்து தெளித்த வயலின் வாய்க்கால் நீரைத் தொட்டிக்கு எடுக்கலாகாது.

3. பசளை மிகுதியாக இடப்படும் தோட்டத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதுண்டு. அந்நீரிற் பாசி விரைந்து செழிக்கும்.

4. தொட்டியிலிருந்து அகற்றும் நீர் மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல பசளை நீராகும். உப்பிட்ட நீராயின் பாத்திக்கு விடலாகாது.

குளத்தில் விடலாகாது

பெருகிய குஞ்சுகளைக் குளத்திலோ கேணியிலோ வாய்க்காலிலோ விடுதல் பெருந்தவறாகும். நுளம்பை ஒழிக்கவெனப் பல நாடுகளில் விடப்பட்ட கம்பூசியா என்னும் மொலியின் உறவு மீன், உள்ளூர்ச் சிறுமீன்களைத் தாக்கி அருகச் செய்தது. பாசி தின்பதற்கென வீட்டுத் தொட்டிகளுக்குக் கொணரப்பட்ட தென்னமெரிக்கக் கவச மீன், இன்று இலங்கையின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றிற் பெருகிவிட்டது. அதன் முட்செட்டைகள் மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. உண்பதற்காக அதனை வாங்குவோர் அரியர். குளத்திற் புகுந்த மீனைத் திரும்ப அகற்றுதல் இயலாது.

உவர்நீரிலும் வாழ்ந்து, ஒரு பெண்ணாலேயே பெருகவல்ல மொலிக்கும் அத்தகைய ஆற்றல் உண்டு. மேலதிகக் குஞ்சுகளை அயலவருக்குக் கொடுக்கலாம். அலங்கார மீன் விற்போரிடம் ஒப்படைக்கலாம். ஆண்களையும் பெண்களையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்துப் பெருக்கத்தைக் குறைக்கலாம். வயலுக்கு நீரும் வீட்டுக்கு மீனும் தரும் குளத்தைக் காத்தல் மீன் வளர்ப்போர் ஒவ்வொருவரினதும் கடமையாகும்.