பத்தாயத்து நெல்லில் பிள்ளைக்குப் பிஸ்கட்

நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் காவிரிப் பாசனப் பகுதிக் கிராமங்களில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டியின் பொறுப்பில்தான் இருப்பார்கள். பிள்ளை அழுதால் சட்டென்று கைக்கு எட்டுவது கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம். அதை டீயில் நனைத்து ஊட்டுவதும் பல வீடுகளில் வழக்கம். அழுகை நின்றுவிடுகிறது. ஆனால் பசியும் அத்தோடு நின்றுவிடுகிறது. மதியம் சோற்றில் பருப்பைப் பிசைந்து வைத்தால் பிள்ளை வாயைத் திறப்பதில்லை. பத்தாயத்தில் நெல்லும் பானையில் பயறும் இருக்கும் வீட்டில், பிள்ளை மைதா மாவையும் சர்க்கரையையும் தின்று வளர்கிறது.

இதை மாற்ற முடியும். சொந்த வயலில் விளைந்த அரிசியையும் பயறையும் கொண்டு, வீட்டு அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்தே பிஸ்கட் சுடலாம். "காலில் சக்கரம் கட்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, அதில் ஒரு பகுதியைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால் நேரமும் கிடைக்கும், பிள்ளையும் விரும்பித் தின்னும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

கடைப் பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் அதில் சேர்ந்துள்ள பொருள்களை அச்சிட்டிருப்பார்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான பொட்டலங்களில் முதலில் மைதா, அடுத்துச் சர்க்கரை, அதையடுத்துப் பனை எண்ணெய் என்றே இருக்கும். எப்போதாவது ஒன்று தின்பதில் தவறில்லை. நாள்தோறும் அதுவே பசியாற்றும் உணவாகிவிட்டால், பயறும் கீரையும் முட்டையும் போக வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. உணவில் இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஆகவே கடைப் பிஸ்கட்டோ வீட்டுப் பிஸ்கட்டோ, அதை டீயில் நனைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

பழைய பண்டம், புதிய வடிவம்

அரிசி, பயறு, வெல்லம் மூன்றும் சேர்ந்த பண்டம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பொரிவிளங்காய் உருண்டை அதே சேர்க்கைதான். ஆனால் பல்லை உடைக்கும் அந்த உருண்டை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. அதே பொருள்களை மாவாக்கி, நெய் சேர்த்து, மெல்லிய வட்டமாகச் சுட்டால் வாயில் வைத்ததும் கரையும் பிஸ்கட் ஆகிவிடும்.

அரிசி எதுவானாலும் செய்யலாம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குள்ளக்கார் போன்ற சிவப்பரிசி கிடைத்தால் நல்லது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2018இல் மறைந்த நெல் ஜெயராமனும் அவரோடு சேர்ந்த உழவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிப் பரப்பியதால், டெல்டாவில் பல உழவர்களிடம் இன்று இவை இருக்கின்றன. அதிகம் தீட்டாத அரிசியில் தவிட்டுச் சத்து போகாமல் இருக்கும்.

பயறுக்கும் பஞ்சமில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, தை மாதத்தில் ஈர வயலில் விதைக்கும் பச்சைப்பயறு, பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேர்கிறது. 100 கிராம் பச்சைப்பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் இதில் மூன்றில் ஒரு பங்குதான். அரிசியில் குறைவான ஒரு சத்து பயறிலும், பயறில் குறைவான ஒன்று அரிசியிலும் இருப்பதால், இரண்டும் சேரும்போது புரதத்தின் தரமும் கூடுகிறது.

மாவு தயாரித்தல்

அரிசியைக் கழுவி, வடிகட்டி, நிழலில் உலர்த்தி, வாணலியில் மணம் வரும் வரை வறுக்க வேண்டும். பச்சைப்பயறைத் தனியாக, நிறம் மாறி வாசனை எழும்வரை வறுக்க வேண்டும். இரண்டையும் ஆறவைத்து, நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். நெருநெரு என்றிருந்தால் பிள்ளை துப்பிவிடும்.

தீட்டாத அரிசி மாவில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் அது விரைவில் காறிப்போகும். எனவே மாதக் கணக்குக்கு அரைத்து வைக்காமல், 15 நாளைக்குப் போதுமான மாவை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

அளவு

சுமார் 30 பிஸ்கட்டுக்கு வேண்டியவை:

அரிசி மாவு – 100 கிராம்
பச்சைப்பயறு மாவு – 50 கிராம்
கோதுமை மாவு – 100 கிராம்
பொடித்த வெல்லம் – 75 கிராம்
நெய் – 90 கிராம்
வறுத்துப் பொடித்த எள் – 1 மேசைக்கரண்டி
காய்ச்சி ஆறிய பால் – சுமார் 60 மில்லி
ஏலக்காய்ப் பொடி, உப்பு, ஆப்பசோடா – ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை

அரிசிக்கும் பயறுக்கும் பிசுக்குத் தன்மை கிடையாது. அவற்றை மட்டும் வைத்துச் செய்தால் பிஸ்கட் உதிர்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தவே கோதுமை மாவு. அரிசி மாவில் பாதியைக் குறைத்து, அதற்குப் பதிலாகக் கேழ்வரகு மாவு சேர்க்கலாம். அரிசியில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து கேழ்வரகில் இருக்கிறது. அங்கன்வாடியில் குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமாவு வீட்டில் இருந்தால், பயறு மாவுக்குப் பதில் அதையும் சேர்க்கலாம். அதில் வெல்லம் முன்பே கலந்திருப்பதால், சேர்க்கும் வெல்லத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நெய்யையும் வெல்லத்தையும் நன்றாகக் குழைக்க வேண்டும். பிறகு மாவு வகைகளையும் மற்றவற்றையும் சேர்த்துப் பிசிறி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகத் திரட்ட வேண்டும். அழுத்திப் பிசையக் கூடாது. பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு பதப்படும்.

பிள்ளைக்கும் ஒரு வேலை

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேலையில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. அதன் போக்குக்கு ஏற்ப வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வறுப்பதும் அரைப்பதும் முதல் நாள். மாவைத் திரட்டுவது பிள்ளை மதியம் தூங்கும்போது. வட்டம் போடுவது பிள்ளை எழுந்த பிறகு, பிள்ளையோடு சேர்ந்து. சுடுவது, அப்பாவோ பாட்டியோ பிள்ளையை வைத்துக்கொள்ளும்போது.

வட்டம் போடும் இடம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். திண்ணையில் ஒரு பாய் விரித்தால் போதும். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சை அளவு மாவைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். அது உருட்டும், நசுக்கும், மறுபடி உருட்டும். தாய் மாவைத் தட்டையாக்கித் தர, பிள்ளை டம்ளரின் விளிம்பால் அழுத்தி வட்டம் எடுக்கும். கோணலாக வந்தாலும் அதையும் தட்டில் வைத்துச் சுட வேண்டும். தன் கையால் செய்ததைத் தின்ன பிள்ளைக்குத் தனி ஆசை உண்டு.

மாவைப் பச்சையாகத் தின்னவிடக் கூடாது. கோதுமை மாவை நாம் வறுக்கவில்லை. வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. டெல்டாவில் பல வீடுகளுக்குக் கொல்லையில் குளமும் வாசலில் வாய்க்காலும் உண்டு. மேட்டூர் அணை திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில், அடுப்பு வேலையில் கண் போயிருக்கும் ஐந்து நிமிடம் போதும், பிள்ளை படியிறங்கிவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரும் சின்னப் பிள்ளையின் உயிரைப் பறிக்கும். சுடும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத நாளில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வட்டம் போட்ட மாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளை இரவு தூங்கிய பிறகு சுடலாம்.

மணல் பரப்பிய சட்டி

அடி கனத்த அகலமான இரும்புச் சட்டியில், சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். மணலுக்குப் பதில் கல்லுப்பும் போடலாம். அதன் மேல் ஒரு பிரிமணையோ சிறு முக்காலியோ இரும்பில் வைத்து, சட்டியை மூடி, சிறு தீயில் 10 நிமிடம் சூடேற்ற வேண்டும். விறகடுப்பானால் கொழுந்து அடங்கித் தணலான பிறகே வைக்க வேண்டும்.

நெய் தடவிய தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வட்டங்களை அடுக்கி உள்ளே வைத்து மூட வேண்டும். 15 முதல் 20 நிமிடத்தில் விளிம்பு இலேசாகச் சிவந்து வரும். தீயின் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், முதல் தடவை ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி வைத்தால் கருகிவிடும். ஆறினால் தானே மொறுமொறுப்பாகிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் மணல் நெடுநேரம் சுடும். சட்டியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நன்றாக ஆறிய பின் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் ஒரு வாரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் நமத்துவிட்டால், அதே சட்டியில் 5 நிமிடம் வைத்து எடுக்கலாம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

வெல்லமும் ஒருவகைச் சர்க்கரைதான். அதில் இரும்புச்சத்து நிறைந்திருப்பதாக நினைத்து அதிகம் சேர்ப்பது சரியல்ல. இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு வெல்லத்தை விட்டுவிட்டு, நன்றாகக் கனிந்த பூவன் பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். பழம் ஈரம் என்பதால் பாலைக் குறைக்க வேண்டும். பழம் சேர்த்த பிஸ்கட்டை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது.

பிஸ்கட் சோற்றுக்கு மாற்று அல்ல. இரண்டு உணவுக்கு இடையே நாளொன்றுக்கு இரண்டு போதும். கூடவே ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தால், அதிலுள்ள உயிர்ச்சத்து பயறின் இரும்பை உடலில் சேர்க்க உதவும். முழு நிலக்கடலை, முந்திரி போன்றவற்றைப் பிஸ்கட்டில் பதித்துக் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே தின்னவிடாமல் உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். எள், கோதுமை, பால் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் சிறு துண்டு கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்த்த பிறகே கொடுக்கத் தொடங்கலாம்.

விற்க விரும்புவோருக்கு

கைப்பக்குவம் வந்தபின், மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்து விற்கவும் இடமிருக்கிறது. நெல்லாக விற்பதைவிட மாவாகவும் பண்டமாகவும் விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். இதற்கான தொழில்நுட்பம் அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டிச் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1984இல் தஞ்சாவூருக்கு வந்த நிறுவனம்தான் இன்று புதுக்கோட்டைச் சாலையில் உள்ள 'நிப்டெம்' எனப்படும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். உணவுப் பொருள் தயாரிப்பில் இறங்குவோருக்கு உதவும் தொழில் வளர் மையமும் அங்கே உண்டு. விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவது கட்டாயம்.

விற்பனை பிறகு இருக்கட்டும். இந்தப் பயறு அறுவடையில் சந்தைக்கு மூட்டை கட்டும்போது, பிள்ளைக்கென்று இரண்டு படி எடுத்து வைத்துவிட்டுக் கட்டினால், அதுவே நல்ல தொடக்கம்.