படத்தைத் தடுத்தாலும் கசியும் தகவல்

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, கடிதம் நம்மிடம் சேர்ந்தது என்பதை மட்டுமே அனுப்பியவருக்குச் சொல்லும். நாம் அதைப் பிரித்துப் படித்தோமா என்பதைச் சொல்லாது. மின்னஞ்சலிலோ, நாம் படித்த நேரம்கூட நமக்குத் தெரியாமலேயே அனுப்பியவருக்குத் தெரிந்துவிடலாம்.

இதற்குப் பரவலாகக் கையாளப்படும் வழி, ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குப் புலப்படாத படம். அது மின்னஞ்சலுடன் வருவதில்லை. நாம் திறக்கும்போது அனுப்பியவரின் சர்வரிலிருந்து தருவிக்கப்படுகிறது. திறந்த நேரமும் நமது ஐபி முகவரியும் அங்கே பதிவாகின்றன. ஆகவேதான் பல மின்னஞ்சல் மென்பொருள்கள் வெளிப்படங்களைத் தடுக்க வசதி அளிக்கின்றன. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சர்வர்கள் வழியாகவே வழங்குகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021-இல் ஐபி முகவரியை மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

ஆனால், படங்களைத் தடுப்பதுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஓர் இணையதளத்தை அணுகுமுன், அதன் பெயருக்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் எனும் அமைப்பிடம் கணினி கேட்டறிகிறது. வேகம் கருதி, பிரௌசர்கள் இந்த வினவலை நாம் இணைப்பைச் சொடுக்குவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்வது உண்டு. மின்னஞ்சலைக் காட்டுவதற்குப் பிரௌசரின் இயக்குநிரலையே பயன்படுத்தும் மென்பொருள்களில் இந்தப் பழக்கமும் சேர்ந்தே குடியேறிவிடக்கூடும்.

அனுப்புபவர் ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு தனிப் பெயரைத் தம் இணையக் களத்தின்கீழ் உருவாக்கி மின்னஞ்சலில் பொதிந்துவிட்டால் போதும். அந்தப் பெயருக்கான வினவல் இறுதியில் அவரது டிஎன்எஸ் சர்வரையே சென்றடையும். வினவல் பெரும்பாலும் நமது இணையச் சேவை நிறுவனம் வழியாகவே செல்வதால், நமது ஐபி முகவரி நேரடியாகத் தெரியாமல் போகலாம். ஆயினும், மின்னஞ்சலைத் திறந்தவர் யார் என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. ஐஃபோனின் மின்னஞ்சல் செயலியில், வெளிப்படங்களைத் தடுத்திருந்தபோதும் இத்தகைய வினவல் நிகழ்ந்தது. 2010 நவம்பரில் வெளியான ஐஓஎஸ் 4.2 பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது.

விளம்பர நிறுவனங்களுக்கு இது வணிகத் தகவல். ஆனால், துன்புறுத்துபவரிடமிருந்து விலகி வாழும் பெண்ணுக்கும், அடையாளத்தை மறைத்து ஊழலை வெளிக்கொணர்பவருக்கும், தாம் இன்னும் அந்த அஞ்சல் பெட்டியைப் பார்க்கிறோம் என்பது தெரிந்துவிடுவதே ஆபத்து.

மின்னஞ்சலை வெறும் எழுத்து வடிவில் மட்டும் காட்டும் தெரிவு தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் உண்டு. பாதுகாப்பு தேவைப்படுவோர் அதைப் பயன்படுத்துவது நல்லது. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் அவசியம். எனினும், முதன்மைப் பொறுப்பு மென்பொருளை உருவாக்குவோருடையதே. பயனர் 'வேண்டாம்' என்று சொன்னால், அது படத்துக்கு மட்டுமல்ல, பின்னணியில் நிகழும் ஒவ்வொரு வினவலுக்கும் பொருந்த வேண்டும். பாதி மட்டும் மதிக்கப்படும் மறுப்பு, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய்யான நம்பிக்கையையே தரும்.