மண் இன்றிச் செடி வளர்த்தல்

வீரவநல்லூரில் நெய்யப்படும் செடிபுட்டாச் சேலையில் செடிக்குக் குறைவில்லை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் வீட்டில், தறிக்கு இடம் போக, ஒரு புதினாக் கொத்தை நட்டுவைக்கச் சாண் அகல மண் கிடைப்பது அரிது. தாமிரபரணிக் கரையில் நஞ்சை உடையோர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். மண்ணின்றி நீரிலேயே செடி வளரும் என்கிறார்களே, அது மெய்யா? மெய்தான். ஆயினும் வெறும் நீரே போதுமென்று நம்புவோர் விரைவில் சலிப்படைவர்.

ஜான் உட்வர்டு என்னும் ஆங்கிலேயர் 1699-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, புதினா இனத்துச் செடிகளைக் கொண்டே செய்யப்பட்டது. மழைநீரில் நின்ற செடி மிகக் குறைவாகவே எடை கூடிற்று. தேம்ஸ் ஆற்று நீரில் நின்றது சற்றுக் கூடுதல். தோட்ட மண்ணைக் கலக்கிய நீரில் நின்றதோ அவற்றை வெகுவாக விஞ்சிற்று. மண்ணிலிருந்து நீரிற் கரையும் உப்புக்களே செடியின் ஆகாரம் என்பதை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாக்ஸ், நாப் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள் நிலைநாட்டினர்.

நம் நாட்டில் இம்முறையை எளியோர்க்கு ஏற்றதாக்க முயன்றவர் ஷோல்டோ டக்ளஸ். அப்போது டார்ஜிலிங் மாவட்டத்தில் இருந்த காலிம்போங்கில் 1946-இல் அவர் தொடங்கிய சோதனைகள் ‘வங்காள முறை’ எனப் பெயர் பெற்று, 1951-இல் நூலாகவும் வந்தன. தொட்டியில் கல்சில்லும் மணலும் நிரப்பி, உலர்ந்த உப்புக்கலவையைத் தூவி நீர் தெளிப்பதே அம்முறை. பம்பும் விளக்குமாக இன்று விற்கப்படும் சாதனங்களைக் காணுந்தோறும், காலிம்போங்கின் சிக்கனமே நமக்கு உகந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

புதினாவில் தொடங்குவது நலம். சாண் நீளத் தண்டின் அடியிலைகளைக் கிள்ளி, வாயகன்ற போத்தலில் நிறுத்தி, வெளிச்சம் படும் சன்னலருகே வைக்கவேண்டும். வேர் விட்டபின் அதன் மேற்பகுதி காற்றில் இருக்குமாறு நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். முழுதும் மூழ்கிய வேர் அழுகும். போத்தலைச் சுற்றித் தடித்த துணி கட்டினால் பாசி படியாது. வாரந்தோறும் நீரை மாற்றுவதோடு போத்தலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியால் மூடவேண்டும். டெங்குக் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். பாவு விரித்த இடத்தருகே போத்தலை வைப்பதோ வேண்டவே வேண்டாம். கவிழ்ந்தால் கஞ்சியிட்ட நூல் பாழாகும்.

வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு சிட்டிகை போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. யூரியாவைச் செடிக்கு உகந்த வடிவாக மாற்றுபவை பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். போத்தலில் அவை போதிய அளவில் இல்லை. நைட்ரேட்டுடன் மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு, மெக்னீசியம், கந்தகம், சிறிதளவு இரும்பு முதலியனவும் வேண்டும். இதற்கென விற்கும் கலவை பெரும்பாலும் இரு பொட்டலங்களாக வருவதற்குக் காரணமுண்டு. செறிந்த நிலையில் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் கலந்தால் கட்டித்து அடியிற் படிந்துவிடும். ஆகவே ஒன்றை நிறைய நீரில் கரைத்தபின்பே மற்றதைச் சேர்க்கவேண்டும். தொடக்கத்தில், குறித்த அளவில் பாதி போதும். ஒரு கிலோக் கலவை ஒரு வீட்டுக்கு மிக அதிகம். பத்து வீட்டார் கூடி வாங்கிப் பகிர்ந்தால் செலவு சுருங்கும்.

பழைய கரைசலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. அண்டை வீட்டு வாழைக்கு ஊற்றினால் அது மகிழ்ந்து குடிக்கும்.