நேத்திக்கு ஏன் காணலை?

திருவனந்தபுரத்தின் வலியசாலை அக்ரஹாரத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு யாரும் 'வாக்கிங்' போவதில்லை, கோயிலுக்குப் போகிறார்கள். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி உள்ள மகாதேவர் கோயில் அது. மூன்றையும் வலம் வந்து, வாசலில் நின்று ஊர்க்கதை பேசி, தெருவைக் கடந்து வீடு சேர்வதற்குள் எழுபது வயது மாமிகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பார். ஒரு நாள் வராமல் இருந்துவிட்டால் போதும், மறுநாள் கேள்வி வரும்: "நேத்திக்கு ஏன் காணலை?"

அந்தக் கேள்வியோடுதான் ஒரு காலை முட்டத்தறைக்கு நடந்தேன். கிள்ளிப்பாலம், அட்டக்குளங்கரை, ஸ்ரீவராகம் தாண்டி முக்கால் மணி நேர நடை. இந்நகரில் கடலிடம் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் பலர் இப்போது வாழும் இடம் அது.

தேதியில்லாத பேரிடர்

சுனாமிக்குத் தேதி உண்டு: 2004 டிசம்பர் 26. ஒக்கிப் புயலுக்கும் உண்டு: 2017 நவம்பர் 30. ஆண்டுதோறும் அந்த நாளில் மெழுகுவத்தி ஏற்றி அழலாம். கடலரிப்புக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மலையாளப் பத்திரிகைகள் அதைக் 'கடலாக்கிரமணம்' என்று எழுதும். ஒரு மழைக்காலத்தில் முன்வரிசை வீடுகள் போகும், இன்னொன்றில் அடுத்த வரிசை. வலியதுறையில் இப்படி வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூட அறைகளிலும் கிடங்குகளிலும் வருடக்கணக்கில் காலம் தள்ளின.

அவர்களுக்காகக் கேரள அரசு முட்டத்தறையில் கட்டிய 'பிரதீக்ஷா' குடியிருப்பு, 192 வீடுகளுடன் 2018 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அங்கேயே மேலும் 332 வீடுகள் கைமாறின. இவை 'புனர்கேஹம்' திட்டத்தில் வந்தவை. கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் 18,685 குடும்பங்களை உள்ளே குடியேற்ற 2,450 கோடி ரூபாயில் வகுத்த திட்டம் அது.

நல்ல வீடுகள். கூரை ஒழுகாது, இரவில் அலைச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழ வேண்டாம். ஆனால் கரையில் இருந்தபோது இந்த மனிதர்களின் நாளில் எவ்வளவு நடை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து காற்றும் நீரோட்டமும் பார்க்கக் கரைக்கு ஒரு நடை. வலை சரிசெய்யும் இடத்துக்கு ஒன்று. வள்ளம் வந்ததும் மீனை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பெண்கள் நடந்த நடை. வழி நெடுகக் குரல்கள், கேலிகள், சண்டைகள். கடல் வீட்டைக் கொண்டுபோனபோது இந்த நடையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. வீட்டுக்குக் கணக்கு எழுதினார்கள், இழப்பீடு தந்தார்கள். நடைக்குப் பட்டா இல்லை. அதனால் கணக்கும் இல்லை.

இவானுமா சொன்ன கணக்கு

அந்தக் கணக்கை எழுதிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு: ஜப்பானின் மியாகி மாநிலத்தில், செண்டாய் விமான நிலையத்தை ஒட்டிய இவானுமா. 2010இல் அங்கே 65 வயதைக் கடந்தவர்களிடம் உடல்நலம், மனநலம், அன்றாடப் பழக்கங்கள் பற்றி ஆய்வாளர்கள் விசாரித்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்து, 2011 மார்ச் 11 அன்று, பூகம்பமும் சுனாமியும் வந்தன. ஊரின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி கடல்நீரில் மூழ்கியது. பேரிடருக்குப் பிறகு மக்களை விசாரிக்கும் ஆய்வுகள் ஏராளம். முன்பு எப்படி இருந்தார்கள் என்ற பதிவும் கையில் இருப்பது அபூர்வம்.

2013இல் உயிர் பிழைத்தவர்களைத் திரும்பச் சந்தித்தார்கள். 3,567 பேரின் தரவுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான கட்டுரை சொன்னது இது: குழுவாக உடற்பயிற்சியில் கலந்துகொள்வதையோ அன்றாட நடையையோ கூட்டிக்கொண்டவர்களிடம், மனச்சோர்வு அறிகுறிகள் மோசமாவது மட்டுப்பட்டிருந்தது.

நடந்ததால் சோர்வு குறைந்ததா, சோர்வு குறைவாக இருந்தவர்கள்தான் நடந்தார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வகை ஆய்வு அதற்கு முற்றான விடை தராது. ஆனால் அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வீடிழந்தவர்களில் சிலர் குலுக்கல் முறையில் தனித்தனியே தற்காலிக வீடுகளுக்குப் போனார்கள். சிலர் அக்கம்பக்கத்தோடு கூட்டமாகக் குடியேறினார்கள். கூட்டமாகப் போனவர்களிடம் நண்பர்களைச் சந்திப்பதும் பொது நிகழ்ச்சிகளில் கலப்பதும் கூடின. தனித்தனியே போனவர்களிடம் குறைந்தன. வலியசாலையில் கேட்கும் கேள்வியை ஜப்பானிய மொழியில் கேட்க யாரோ ஒருவர் இருந்தாரா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

கால் முன்னே, மனசு பின்னே

துக்கத்தில் இருப்பவர்களிடம் "மனசு சரியானதும் வெளியே வா" என்கிறோம். மனநல சிகிச்சையில் இதைத் தலைகீழாகப் பார்க்கும் முறை ஒன்று உண்டு: முதலில் சின்னதாக ஏதாவது செய், மனசு பின்னால் வரும். தெருமுனைவரை போய்த் திரும்புவதில் காலை வெயில் படுகிறது, உடல் களைக்கிறது, இரவுத் தூக்கம் சற்று ஒழுங்குக்கு வருகிறது. ஒரே காட்சியைச் சுற்றிச் சுற்றி வரும் நினைப்புக்கு நடுவே ஒரு நாய், ஒரு பால்வண்டி, ஒரு தெரிந்த முகம் குறுக்கிடுகிறது.

எல்லாக் காயத்துக்கும் இதே களிம்பு என்று சொல்ல வரவில்லை. ஒக்கியில் பூந்துறை, விழிஞ்ஞம், குமரிக் கரையோர ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பலரின் உடல்கூடத் திரும்பவில்லை. இறந்தார் என்று முடிவு கட்டவும் முடியாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் நிற்கும் இந்த நிலைக்கு அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். அந்த வீட்டுப் பெண்ணிடம் "கடற்கரையில் காற்றாட நடந்துவிட்டு வா" என்பது இரக்கமற்ற ஆலோசனை. எந்த வழியில் நடப்பது, யாரோடு நடப்பது, கடலைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் நடை போதாது, மருத்துவர் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் ஆலோசகரிடம் பேசலாம்.

ஒரு வரி

முட்டத்தறைப் பக்கம் பைபாஸில் வண்டிகள் பறக்கின்றன. வயதானவர்கள் சாலையைக் கடக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். குடியிருப்புகளைத் திட்டமிடும் பொறியாளர்கள் சதுர அடி பார்க்கிறார்கள், குடிநீர்க் குழாய் பார்க்கிறார்கள். கரைவரை பயமில்லாமல் நடந்து போக ஒரு நடைபாதையும், பழைய அக்கம்பக்கத்தார் புதிய இடத்திலும் அக்கம்பக்கத்திலேயே அமையும் ஒதுக்கீடும் அதே வரைபடத்தில் இடம்பெறலாம். கூடுதல் செலவு அதிகமில்லை.

அதுவரை ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தடுப்பூசி என்று நிரம்பிய குறிப்பேட்டில் இன்னும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்: இந்த வாரம் இவர் வாசற்படி இறங்கினாரா, யாரோடு? பேரிடரில் பிழைத்த ஒருவர் நடப்பதை நிறுத்திவிட்டார் என்பது, அவர் வாய் திறந்து எதையும் சொல்வதற்கு முன்பே வந்துசேரும் செய்தி.

நான் வலியசாலைக்குத் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. கோயில் வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. அன்று என்னைக் காணவில்லை என்று நான்கு பேராவது கவனித்திருப்பார்கள். மறுநாள் கேட்டார்கள்.