மருந்தும் மௌனமும்

நோய் தீர்க்க வந்த மருந்தே சிற்சில சமயம் நோயாய் முடிவதுண்டு. அதுபற்றி மருந்தையே வெறுப்பது அறிவுடைமையாகாது. ஆனால், தீங்கைக் கண்ணாரக் கண்டும் வாய் திறவாதிருப்பது மன்னிக்கத்தக்க பிழையன்று.

1957-ம் வருஷம் மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைடு’ என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. அபாயமற்றதென்று நம்பிக் கர்ப்பிணிகளும் அதை உட்கொண்டனர். பல தேசங்களிலுமாக ஏறத்தாழ 10,000 சிசுக்கள் அங்கக் குறைவுடன் பிறந்தன. 1961 நவம்பரில் லென்ஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் தம் சந்தேகத்தை வெளியிட்டார். அம்மாதமே அந்நாட்டில் மருந்து நிறுத்தப்பட்டது. டிசம்பரில் ஆஸ்திரேலிய வைத்தியர் மாக்பிரைட், தாம் கண்டதைச் சில வரிகளில் ‘லான்ஸெட்’ பத்திரிகைக்கு எழுதி, பிறரும் இவ்வாறு கண்டதுண்டோ என வினவினார். பூரண ருஜுவுக்காக இவர்கள் காத்திருந்தனரா? இல்லை.

விற்பனைக்கு முன்னரே மருந்தைச் சோதிப்பதில்லையோ எனச் சிலர் கேட்கலாம். சோதிப்பதுண்டு, ஆயினும் அதற்கு உட்படுவோர் பெரும்பாலும் சில ஆயிரம் பேரே. 10,000 பேரில் ஒருவர்க்கு நேரும் தீங்கு அங்கே புலப்படுவது அரிது.

அன்றியும், அன்னியர் கண்ட கணக்கு நமக்கு முற்றும் பொருந்துமென்பதும் இல்லை. வலிப்பு நோய்க்கு வழங்கும் ‘கார்பமஸெபைன்’ சிலர்க்குத் தோலைக் கொப்புளித்து உரிக்கும் கொடிய வியாதியை உண்டாக்குகிறது. குறிப்பிட்ட ஒரு பரம்பரைக் கூறு உடையார்க்கு அவ்வபாயம் மிகுதியென்று 2004-ல் தைவான் ஆராய்ச்சியாளர் கண்டனர். அக்கூறு ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆசியர் பலரிடம் உண்டு. தம் ஜனங்களின் துன்பத்தைத் தாமே ஆராய்ந்ததனாலன்றோ அவ்வுண்மை வெளிப்பட்டது?

நமது தேசத்திலும் இதற்கென 2010-ல் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டு, 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. வைத்தியர், தாதியர், மருந்தாளர் மட்டுமன்றி, நோயாளியும் எழுதலாம். சந்தேகமே போதும், நிரூபிக்கும் பொறுப்பு எழுதுவோர்க்கில்லை. எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாதென்று அப்படிவமே கூறுகிறது. நோயாளி யாரென்பதும் இரகசியமாகக் காக்கப்படும். பின் அச்சம் எதற்கு?

வேலைப் பளு உண்மையே. எனினும், எழுதாத ஒரு தாளின் விலை, முகமறியாத இன்னொருவர் உயிராயிருக்கலாம். ஆகவே தேச சேவையில் ஈடுபட்டோர் தத்தம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, இப்படிவம் அங்குள்ளதா, சென்ற மாதம் எத்தனை எழுதப்பட்டன என்று மரியாதையுடன் கேட்பாராக. கேட்கும் பிரஜைகள் உள்ள இடத்தில்தான் கடமை உறங்காது விழித்திருக்கும்.