காதல் பாட்டு, கறார் கணக்கு

எல்விஸ் பிரஸ்லியே பாட ஆசைப்பட்டார். ஆனாலும் தன் பாட்டின் உரிமையில் பாதியைத் தர மறுத்தார் டாலி பார்ட்டன். அந்த மறுப்பு எவ்வளவு பெறும் என்பது பல ஆண்டுகள் கழித்து ரேடியோவில் கேட்டது.

1992ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் பாடகி டாலி பார்ட்டன். ரேடியோவில் வாத்தியம் எதுவுமின்றி ஒரு பெண் குரல் மட்டும் மெல்ல எழுந்தது. எங்கோ கேட்ட வரிகள் போலிருந்தது. பல்லவி வந்த பிறகுதான் உறைத்தது: அது அவரே எழுதிய பாட்டு. எங்காவது மோதிவிடுவோமோ என்று பயந்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டதாகப் பின்னாளில் பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார்.

பாடியவர் விட்னி ஹூஸ்டன். படம் 'தி பாடிகார்ட்'. பாட்டு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. பில்போர்ட் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இது விட்னியின் பாட்டு என்றுதான் உலகில் பெரும்பாலானோர் இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் அது பிறந்தது அமெரிக்கத் தெற்கத்திய மலைக் கிராமங்களின் பாட்டு மரபிலிருந்து கிளைத்த கண்ட்ரி இசையில். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே ரேடியோவில் முதலிடம் கண்ட பாட்டு அது.

டென்னஸி மாநில மலைப்பகுதியில் 1946இல் பிறந்தவர் டாலி. 12 குழந்தைகளில் நான்காமவர். பிரசவம் பார்த்த டாக்டருக்கு அவருடைய அப்பா கூலியாகக் கொடுத்தது ஒரு மூட்டை சோள மாவு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாஷ்வில்லுக்கு வந்த டாலி, 1967இல் போர்ட்டர் வேகனர் என்ற பிரபல பாடகரின் டிவி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 5 ஆண்டுகள் என்பது பேச்சு. 7 ஆண்டுகள் ஓடின. தனியாகப் போகிறேன் என்றபோதெல்லாம் சண்டைதான். வேகனர் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பாட்டு எழுதினார் டாலி. மறுநாள் வேகனரின் அறைக்குப் போய் கிடாரை மீட்டிப் பாடிக் காட்டினார். கேட்டவர் கண்கலங்கினார். நீ எழுதியதிலேயே சிறந்தது இதுதான், இசைத்தட்டை நான் தயாரிக்க விட்டால் நீ போகலாம் என்றாராம்.

ஆக, ஊரெல்லாம் காதல் பாட்டாகக் கேட்பது உண்மையில் ஒரு ராஜினாமாக் கடிதம். நம் மரபில் வைத்துச் சொன்னால் இது குறிஞ்சி அல்ல, பாலை. அதிலும் பொருள்வயின் பிரிவு. சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போகிறவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. இங்கே புறப்படுகிறவள் பெண். அன்பு உண்டு, நன்றியும் உண்டு. ஆனாலும் இருக்க முடியாது என்கிறாள். பழி இல்லை, புலம்பலும் இல்லை. பாட்டின் பலம் அதுதான்.

1973 ஜூனில் நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோவில் பதிவான பாட்டு, அடுத்த ஆண்டு வசந்தத்தில் சிங்கிளாக வெளிவந்தது. சிங்கிள் என்பது பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் பதிந்த சிறிய இசைத்தட்டு. கடைக்குப் போவது ஒருபுறம், ரேடியோ நிலையங்களுக்குப் போவது மறுபுறம். நிலையத்தார் திரும்பத் திரும்பப் போட்டால்தான் கடையில் விற்கும். மூன்று நிமிடத்துக்குள் முடியும் இந்தப் பாட்டு 1974 ஜூனில் பில்போர்டின் கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

எல்விஸிடமிருந்து அழைப்பு வந்தது அதன் பிறகுதான். ராக் இசையின் ராஜாவே தன் பாட்டைப் பாடப்போகிறார் என்று டாலி தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேனேஜர் டாம் பார்க்கர் போனில் பேசினார். பாட்டின் பதிப்பு உரிமையில் பாதியை எழுதித் தந்தால்தான் எல்விஸ் பாடுவார் என்றார். அந்த வட்டாரத்தில் அது புதிய நிபந்தனை அல்ல. எல்விஸ் பாடினால் விற்பனை நிச்சயம். எனவே பலர் பாதியைக் கொடுத்திருக்கிறார்கள். டாலி மறுத்தார். அன்று இரவெல்லாம் அழுதார். அவருக்குப் பைத்தியம் என்றார்கள் பலர்.

மறுக்க முடிந்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணமல்ல. பேர் தெரியாத நாளிலேயே தன் மாமாவுடன் சேர்ந்து பாடல் பதிப்பு நிறுவனம் தொடங்கியவர் டாலி. குரலுக்கு வயதாகும், பாட்டுக்கு ஆகாது என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கச் சட்டமும் அந்தக் கணக்கின் பக்கம்தான். அங்கே சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் ராயல்டி உண்டு. பாடியவருக்கு எதுவும் கிடையாது. எனவே விட்னியின் குரல் ரேடியோவில் ஒலித்தபோதெல்லாம் காசு சேர்ந்தது டாலிக்கு. எழுத்தாளரும் அவரே, பதிப்பாளரும் அவரே. எல்விஸின் கிரேஸ்லாந்து மாளிகையையே வாங்கும் அளவுக்குச் சம்பாதித்தேன் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

இந்தக் கதை இந்தியப் பாடலாசிரியர்களுக்கு உறுத்தும். படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவிஞர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டு அடுத்தவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் போன்றோர் வாதாடி, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை, வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதித் தர முடியாது என்றானது. டாலி தன் பிடிவாதத்தால் காப்பாற்றிக்கொண்டதை இங்கே சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நம் சினிமாவில் வாய்ப்புக்காக நிற்கும் புதுக் கவிஞர் எவரும் தயாரிப்பாளரிடம் முடியாது என்று சொல்லும் நிலையில் இருந்ததில்லை.

பாட்டுக்குக் காரணமான வேகனரின் கதை அத்தனை இனிமையாக முடியவில்லை. ஒப்பந்தத்தை மீறினார் என்று 1979இல் டாலி மீது 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. மனஸ்தாபமும் காலப்போக்கில் கரைந்தது. 2007இல் வேகனர் காலமானார். 1977இல் இறந்த எல்விஸ் கடைசிவரை அந்தப் பாட்டைப் பதிவு செய்யவே இல்லை. விட்னி 2012இல் 48 வயதில் மறைந்தார்.

அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று 2021இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் டாலியிடம் கேட்டார்கள். நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வசித்த பகுதியில் ஓர் அலுவலகக் கட்டிடத் தொகுதியை வாங்கியதாகச் சொன்னார். விட்னியின் மக்கள் வாழும் இடம் என்பதால் பிடித்ததாம். பாடியவருக்கு ரேடியோ ஒரு காசும் தரவில்லை. அவர் குரலால் வந்த காசில் வாங்கிய கட்டிடத்தை, இது விட்னி கட்டிய வீடு என்றே சொல்கிறார் டாலி.